மறுத்துப் பேசும் தாள்: பல்லடம் பக்கத்து மாலை வகுப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரின் சமுதாயக் கூடத்தில் மாலை நேரங்களில் நடக்கும் வகுப்பொன்றில், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும் செய்த தாள் வேலைகளைப் பற்றியது இந்த ஆய்வு. வகுப்பை நடத்துபவர் அதே ஊரில் பிறந்து வளர்ந்த பட்டதாரிப் பெண். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. பெற்றோரில் பெரும்பாலோர் விசைத்தறிக் கூடங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் கோழிப் பண்ணைகளிலும் வேலை செய்கிறார்கள். நூற்பாலை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் சிலர் உண்டு. தமிழகத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தால், செய்து கற்பது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. எனவே தாளைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் ஆர்வம் காட்டுவார்களா என்பது இங்கே கேள்வியாகவே இருக்கவில்லை. அந்த ஆர்வத்தில் எவ்வளவு பாடமாகிறது, எவ்வளவு சுவரலங்காரமாக நின்றுவிடுகிறது என்பதையே பார்க்க வேண்டியிருந்தது.

பருவத் தொடக்கத்தில் கூடத்தின் சுவர் ஏற்கெனவே நிறைந்திருந்தது. யூடியூபைப் பார்த்துச் செய்த வண்ணத்துப்பூச்சிகள், விசிறி மடிப்புப் பூக்கள், ஜிகினா ஒட்டிய நட்சத்திரங்கள் ஆகியவற்றுக்கு நடுவே வட்ட அட்டையில் செய்த ஒரு பெரிய கடிகாரமும் இருந்தது. எண்கள் அழகாக எழுதப்பட்டிருந்தன. இரண்டு முட்களும் நடுவில் ஒரு பொத்தானால் பிணைக்கப்பட்டுத் தாராளமாகச் சுற்றின. அந்தத் தாராளம்தான் சிக்கல் என்பது, மூன்றரை மணியைக் காட்டச் சொன்னபோது தெரிந்தது. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பெரிய முள்ளை 6இலும் சின்ன முள்ளைச் சரியாக 3இன் மேலும் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கூடவிருந்தவர்களும் அதைச் சரி என்றார்கள். வீட்டுச் சுவரில் ஓடும் எந்தக் கடிகாரத்திலும் அப்படி ஒரு நிலை வராது. மூன்றரைக்குச் சின்ன முள் 3க்கும் 4க்கும் நடுவில் நிற்கும். ஆனால் தாள் கடிகாரத்தின் இரண்டு முட்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாததால், பிள்ளை எங்கே வைத்தாலும் அது அங்கேயே நிற்கிறது. தவறாக வைத்தாய் என்று சொல்ல அதற்கு வழியில்லை.

இந்த ஒரு காட்சியிலிருந்தே ஆய்வின் அளவுகோல் கிடைத்தது. கல்விக்கென்று செய்யப்படும் தாள் பொருள், பிள்ளையின் கணிப்பு தவறாக இருக்கும்போது மறுத்துப் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். ஆசிரியர் வாயைத் திறக்காமலே, மடிப்பு பொருந்தாமலோ எண்ணிக்கை ஒத்துவராமலோ காற்றில் சுற்றாமலோ போய் அது பிள்ளையைத் திரும்ப யோசிக்க வைக்க வேண்டும். அப்படி மறுக்க முடியாத பொருள் கைத்திறனுக்கும் கண்ணழகுக்கும் பயன்படலாம். அதுவும் வேண்டியதுதான், ஆனால் அதைக் கணக்குப் பாடம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதில் பொருளில்லை.

கடிகாரத்தைக் கழற்றி எறியவில்லை. பெரிய முள்ளை மட்டும் எடுத்துவிட்டார்கள். சின்ன முள் ஒன்றை மட்டுமே கொண்டு நேரம் சொல்லும்படி கேட்டபோது, 3ஐத் தாண்டிப் பாதி தூரம் வந்துவிட்டதா, 4ஐ நெருங்கிவிட்டதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. பெரிய முள் பிற்பாடு சேர்ந்தது. இது சிறிய மாற்றம்தான் என்றாலும், கடிகாரம் செய்யும் பாடம் எடுக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதையே.

தாள் மடிப்பைக் கணக்குக்குப் பயன்படுத்துவது நம் பக்கத்தில் நேற்று வந்த வழக்கமல்ல. டி. சுந்தர ராவ் என்பவர் தாள் மடித்தே வடிவியலைப் பயிலும் முறையை விளக்கும் ஆங்கில நூலை 1893இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைனின் கவனத்தைப் பெற்ற அந்நூல், 1901இல் சிகாகோவில் மறுபதிப்பும் கண்டது. குழந்தைத் தோட்டக் கல்வியை (கிண்டர்கார்டன்) உருவாக்கிய ஃபிரோபெலின் பயிற்சிகளில் தாள் மடிப்பும் ஒன்று. அதிலிருந்து தூண்டுதல் பெற்றவர் சுந்தர ராவ். அவர் கேட்ட கருவிகள் ஒரு பேனாக்கத்தியும் சில தாள் துண்டுகளும் மட்டுமே. அளவுகோலும் கவராயமும் ஆளுக்கொன்று இல்லாத ஒரு கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைப்பது அரிது.

அந்த வழியில் முதலில் செய்தது மூலைமட்டம். பழைய செய்தித்தாளைக் கோணல்மாணலாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். எப்படி வேண்டுமானாலும் ஒருமுறை மடித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கிறது. அந்த மடிப்பு விளிம்பு தன்மேல் தானே சரியாகப் படியும்படி இன்னொருமுறை மடித்தால், இரண்டு மடிப்புகளும் சேரும் மூலையில் செங்கோணம் வந்துவிடுகிறது. அளவுகோல் இல்லை, பாகைமானி இல்லை. கிழிந்த தாளின் ஓரம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் மூலை மட்டும் பிசகுவதில்லை. கொத்தனார் வேலைக்குப் போகும் தந்தையின் மகன் ஒருவன், வீட்டிலிருக்கும் இரும்பு மூலைமட்டத்தை மறுநாள் கொண்டுவந்து தன் தாள் மூலையின்மேல் வைத்துப் பார்த்தான். இரண்டும் பொருந்தின. அதன்பின் கூடத்தில் எதுவும் தப்பவில்லை. சன்னல் சட்டம், தரைக்கல், சிலேட்டு, காலண்டர் அட்டை என்று எல்லாவற்றின் மூலையிலும் தாளை வைத்துப் பார்த்தார்கள். கூடத்தின் மரப்பலகை ஒன்றின் மூலை செங்கோணமல்ல என்று கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்தான். பல காலமாக அதன்மேல் உட்கார்ந்த பெரியவர்களுக்கு அது தெரியாது.

இதில் முக்கியமான இடம் வேறு. கரும்பலகையில் சதுரமொன்றைச் சாய்வாக, மூலை கீழே நிற்கும்படி வரைந்து இது என்ன என்று கேட்டபோது, "டைமண்டுங்க்கா" என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். அதே சதுரத்தை நிமிர்த்தி வரைந்தால் சதுரம் என்றார்கள். சாய்ந்தால் சதுரம் சதுரமாக இருப்பதில்லை என்னும் இந்த எண்ணம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவலாகக் காணப்படுவதே. வாயால் திருத்தினால் அந்த நேரத்துக்குத் தலையாட்டிவிட்டு மறுவாரம் மறுபடி டைமண்டு என்பார்கள். இங்கே அக்கா திருத்தவில்லை. மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். நான்கு மூலைகளும் பொருந்தின. பக்கங்களை ஒரு நூலால் அளந்தார்கள், அவையும் சமமாக இருந்தன. "அப்ப இது படுத்திருக்கற சதுரமுங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. சொல் முழுவதும் சரியல்ல, கருத்து முழுவதும் சரி.

பின்னப் பாடத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது. அதிகம் சொல்ல வேண்டியதும் அதைப் பற்றியே. நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று இரண்டில் எது பெரியது என்று தொடக்கத்திலேயே கேட்டு வைத்திருந்தார்கள். "எட்டுல ஒண்ணுதானுங்க்கா பெருசு. நாலை விட எட்டு பெருசில்லீங்களா?" என்ற பதில் ஒருவருடையது மட்டுமல்ல. முழு எண்களில் பழகிய பிள்ளைக்கு இது நியாயமான முடிவு. கீழே இருக்கும் எண் பெரிதானால் துண்டு சிறிதாகும் என்பது அந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரானது.

பட்டைகளை 24 சென்டிமீட்டர் நீளத்திலும் 3 சென்டிமீட்டர் அகலத்திலும் வெட்டிக்கொண்டார்கள். 24 என்பது தற்செயலான தேர்வல்ல. பாதி 12, கால் 6, அரைக்கால் 3 என்றும், மூன்றில் ஒன்று 8, ஆறில் ஒன்று 4, பன்னிரண்டில் ஒன்று 2 என்றும் எல்லாமே முழு சென்டிமீட்டரில் வருவதால், மடித்த பிறகு அடிஸ்கேலை வைத்துப் பிள்ளையே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், அதை அப்படியே பட்டையாக எடுத்தால் கால் பங்கே 7.425 ஆகி, சரிபார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

ஒருமுறை மடித்துத் திறந்தால் இரண்டு பங்கு. மறுபடி மடித்து, இன்னொருமுறையும் மடித்துத் திறந்தால் நான்கு. மூன்றாம் முறை மடித்தபின், திறக்காமல் கைக்குள் பிடித்துக்கொண்டு எத்தனை பங்கு வரும் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஆறு என்றார்கள். இரண்டு, நான்கு, அடுத்தது ஆறு. தமிழ் இன்னும் சரளமாகப் பேச வராத ஒடிசாச் சிறுவன் ஒருவன் பேசாமல் ஆறு விரல்களைக் காட்டினான். இது கவனிக்கத் தக்கது. கணக்கில் அவன் பின்தங்கியிருப்பதற்கு மொழி தெரியாததே காரணம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். கேள்வியை அவன் சரியாகவே புரிந்துகொண்டிருந்தான், மற்றவர்கள் யோசித்த வழியிலேயே யோசித்து, அவர்கள் தவறிய இடத்திலேயே தவறியிருந்தான். திறந்தபோது எட்டு இருந்தது. ஒருவர் பட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணினார். இன்னொருவர், தான் ஒரு மடிப்புக் கூடுதலாக மடித்துவிட்டதாக நினைத்து வேறு பட்டை வாங்கி மறுபடி செய்தார். மறுபடியும் எட்டு. ஒவ்வொரு மடிப்பும் ஏற்கெனவே இருக்கும் எல்லாப் பங்குகளையும் இரண்டாக்குகிறது என்பதை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்ன விதம் வேறு: "ஒவ்வொண்ணும் ரெண்டு குட்டி போடுதுங்க்கா." அதற்கடுத்த மடிப்புக்கு எத்தனை என்று கேட்டதும், திறக்காமலே பதினாறு என்ற விடை பல வாய்களிலிருந்து வந்தது.

திறப்பதற்கு முன் சொல்லவேண்டும் என்னும் அந்த ஒரு விதி இல்லாவிட்டால் இந்தப் பாடம் நடந்தே இருக்காது என்பது என் கருத்து. மடி, திற, எண்ணு என்று மட்டும் சொல்லியிருந்தால் எட்டு என்று எண்ணி எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். தாள் மறுப்பதற்குப் பிள்ளை முதலில் ஒரு வாக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எட்டுப் பங்காக மடித்த பட்டையையும் நான்கு பங்காக மடித்த பட்டையையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தபோது, எது பெரியது என்ற பழைய கேள்விக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாக மடிப்பது மட்டும் பலருக்குக் கடினமாக இருந்தது. பாதியாக மடிப்பதற்கு ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் போதும். மூன்றுக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. கடிதத்தை மடிப்பதுபோல முன்னும் பின்னுமாகச் சுருட்டி, மூன்று அடுக்கும் சமமாகும் வரை நகர்த்திப் பார்த்து, பிறகே அழுத்த வேண்டும். இதில் பல பட்டைகள் வீணாயின. வீணான பட்டையும் பேசியது. 9, 8, 7 சென்டிமீட்டர் என்று மூன்று துண்டு வந்தவளிடம், இவை ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்றா என்று கேட்டபோது, சமமில்லாததால் இல்லை என்று அவளே சொன்னாள். பங்குகள் சமமாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை, சரியாக மடித்தவர்களைவிடத் தவறாக மடித்த அவளுக்கே நன்றாகப் பிடிபட்டிருந்தது.

பொருள்களைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய வண்ணத்தாள் மிகக் குறைவு. பழைய செய்தித்தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட நோட்டீஸ், தினக் காலண்டர் தாள், பனியன் கம்பெனி அட்டைப்பெட்டி, நூல் சுற்றி வரும் கோன், முகூர்த்த மாதங்களில் குவியும் கல்யாணப் பத்திரிகை ஆகியவையே மூலப்பொருள்கள். தாள் எதிலிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்டபோது, மரத்திலிருந்து என்று சொல்லி முடிக்காமல், கரூர் மாவட்டம் புகழூரை அடுத்த காகிதபுரத்தில் 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு அமைக்கப்பட்டது என்பதையும் அக்கா சொன்னார். கரும்புச் சாறு பிழியும் வண்டியின் பக்கத்தில் கிடக்கும் சக்கையைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது நம்பக்கூடியதாகவும் வேடிக்கையாகவும் இருந்தது.

செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஏறக்குறைய நேராகக் கிழிகிறது. குறுக்கே கிழித்தால் பல்லுப் பல்லாகப் போகிறது. காகித எந்திரத்தில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படிவதுதான் காரணம். இதை ஒரு பாடமாகவே வைக்கலாம். வைக்காவிட்டாலும் நடத்துபவர் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்த அட்டை வெடித்து ஓரம் பிசிறாகும்போது பிள்ளையின் கை சரியில்லை என்று நினைத்துவிடுகிறோம். பசையிலும் இதே கதைதான். நீர் அதிகமுள்ள பசையைத் தடவினால் நார் நீளத்தில் அவ்வளவாக நீளாமல் தடிமனில் ஊதுகிறது. அதனால் தாள் ஒரு திசையில் மட்டும் விரிந்து சுருண்டுகொள்கிறது. கெட்டியான பசையை ஓரத்தில் மட்டும் இடுவதே சரி. சுவரொட்டி ஒட்டுபவர்கள் காய்ச்சும் மைதாப் பசையை யாரோ ஒரு டப்பாவில் கொண்டுவந்தபோது அக்கா அதைத் திருப்பி அனுப்பியது நல்ல முடிவு. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு, அது நச்சு. கை கழுவாமல் முறுக்கு தின்னும் பிள்ளைகளிடம் அதைக் கொடுக்க முடியாது. சோற்றுப் பருக்கையே போதுமானதாக இருந்தது.

கத்தரிக்கோலில் ஒரு குறை கடைசி வரை தீரவில்லை. இடக்கைப் பழக்கமுள்ள ஒரு சிறுமி கோட்டை விட்டு விலகியே வெட்டிக்கொண்டிருந்தாள். வலக்கைக்காரர்களுக்கென அமைந்த கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். அதோடு அலகுகள் நெருங்காமல் விலகி, தாள் வெட்டுப்படாமல் இடையில் மடிந்துகொள்ளும். இடக்கைக்கான கத்தரிக்கோல் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. அவளுக்கு மட்டும் வெட்டுவதற்குப் பதில், மடித்து நகத்தால் அழுத்தி அடிஸ்கேலை வைத்துக் கிழிக்கும் வழியைக் காட்டினார்கள். அவள் பட்டைகள் மற்றவர்களுடையதைவிட நேராக வந்ததால் பிறகு பலரும் அதையே பின்பற்றினார்கள்.

ஆடி பிறந்ததும் கூடத்தில் தாளை வைத்து வேலை செய்வதே பாடாகிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் எவ்வளவு வலுவாக வீசும் என்பதை, அங்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சொல்லும். பட்டைகள் பறந்ததால், பாடத்தையே காற்றுக்கு மாற்றிக்கொண்டார்கள். சதுரத் தாளின் நான்கு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டி, நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டு, ஒன்றுவிட்டு ஒரு முனையை நடுவில் சேர்த்துக் குண்டூசியால் குத்தி, தென்னங்குச்சிக் கட்டில் பொருத்தினால் காற்றாடி தயார். எந்தப் பக்கம் சுற்றும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதி இங்கும் இருந்தது. ஒவ்வொரு கிளையிலும் வலது முனையை மடக்கினால் ஒரு திசை, இடது முனையை மடக்கினால் எதிர்த் திசை. இதைப் பிள்ளைகள் இரண்டாவது காற்றாடியிலேயே கண்டுகொண்டார்கள். செய்தித்தாள் காற்றாடி துவண்டு மடங்கியது. கல்யாணப் பத்திரிகை விறைத்துக்கொண்டு வளையவே மறுத்தது. நோட்டு அட்டையே சரியாக அமைந்தது. ஆனாலும் பல காற்றாடிகள் சுற்றவில்லை. தாளைக் குறை சொல்லி மாற்றி மாற்றிப் பார்த்தபின், குண்டூசி குத்திய துளை ஊசியை இறுகப் பிடித்திருப்பதே காரணம் என்று ஒரு பையன் கண்டான். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, தாளுக்கும் குச்சிக்கும் இடையில் ஒரு பாசிமணியைக் கோத்ததும் சுற்றியது. உராய்வு என்ற சொல்லை அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயன்படுத்தினார். அதற்கு முன் சொல்லியிருந்தால் அது வெறும் சொல்லாகவே இருந்திருக்கும்.

பெற்றோர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வராமலில்லை. பேத்தியை அழைத்துப்போக வந்த அப்பத்தா ஒருவர், "ஏனம்மிணி, காயிதத்த வெட்டி வெளையாடறதுக்கா புள்ளைய அனுப்பறோம்?" என்று நேராகவே கேட்டார். கேள்வி நியாயமானது. வீட்டுக்கு வரும் நோட்டில் எதுவும் எழுதப்படவில்லை என்றால் என்ன படித்தது என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? அதன்பின் ஒவ்வொரு வேலையிலும் ஒரு மாதிரியை நோட்டில் ஒட்டி, அதன்கீழ் தான் முதலில் சொன்னது என்ன, தாள் காட்டியது என்ன என்று பிள்ளையே இரண்டு வரி எழுதும் வழக்கம் வந்தது. எட்டுப் பங்காக மடித்த பட்டையின்கீழ் "நான் 6 என்றேன். 8 வந்தது" என்றிருந்த நோட்டை அந்த அப்பத்தா பேத்தியை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். வகுப்பு எழுத்துப் பயிற்சியாகவும் ஆகிவிட்டதை நடத்துபவரே எதிர்பார்க்கவில்லை.

முடிவுகளைக் கூட்டிச் சொல்லாமல் உள்ளபடி சொல்வதானால், செங்கோணமும் சதுரமும் பெரும்பாலோருக்கு நிலைத்துவிட்டன; பருவக் கடைசியில் சாய்ந்த சதுரத்தைக் காட்டியபோது டைமண்டு என்றவர்கள் மிகச் சிலரே. பின்னம் அவ்வளவு உறுதிப்படவில்லை. பட்டை கையிலிருந்தால் தவறாதவர்களில் சிலர், பட்டையில்லாத எழுத்துத் தாளில் ஆறில் ஒன்றா ஐந்தில் ஒன்றா என்று கேட்டபோது மறுபடி ஆறையே பெரிதென்று எழுதினார்கள். ஐந்தில் ஒன்றை அவர்கள் மடித்ததே இல்லை. பட்டையிலிருந்து கருத்துக்குத் தாவுவதற்கு இடையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது என்றே இதைப் படிக்க வேண்டும். பட்டையைப் பார்த்து நோட்டில் அதே அளவுக் கோடு போட்டுப் பிரிப்பது, பிறகு பட்டையில்லாமல் கோட்டை மட்டும் பிரிப்பது, அதன்பின் எண்ணுக்கு வருவது என்று வரும் பருவத்தில் வரிசை மாற்றப்படுகிறது. ஐந்தாக மடிப்பது பிள்ளைகளுக்குக் கடினம் என்பதால், அதற்கு மட்டும் 20 சென்டிமீட்டர் பட்டையில் 4 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி முன்கூட்டியே வைத்துக் கொடுப்பதாக முடிவாகியுள்ளது. அப்பட்டையை 24 சென்டிமீட்டர்ப் பட்டைகளோடு ஒப்பிட முடியாது என்பதால், ஆறில் ஒன்றுக்கு 30 சென்டிமீட்டர்ப் பட்டை எடுத்து ஐந்தையும் ஆறையும் அதிலேயே குறிப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு பங்கு 6 சென்டிமீட்டரும் 5 சென்டிமீட்டருமாக வரும்.